அப்பாவின் சட்டையில் ஏழு பொத்தான்கள்

அப்பாவின் சட்டையில் ஏழு பொத்தான்கள். நான் போட்டுவிட்டால் இருபது நொடி. அவரே போட்டுக்கொண்டால் பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பெற்ற தகப்பன் சட்டை போடுவதை மணி பார்த்து அளந்தவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

அவருக்கு 81 வயது. விரல் நுனிகளில் உணர்வு மங்கிவிட்டது. வலது பெருவிரலின் அடி மூட்டில் தேய்மானம். பொத்தானைத் துளையின் ஓரம்வரை கொண்டுபோவார். அது நழுவும். மறுபடி துணியைத் தடவித் துளையைத் தேடுவார். எப்போதும் கீழ்ப் பொத்தானிலிருந்துதான் தொடங்குவார். கீழே இரண்டு ஓரங்களும் சேர்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, மேலே தெரிவதில்லை என்பது அவர் கணக்கு. யாரும் சொல்லித்தந்ததல்ல, கை தளர்ந்த பிறகு அவராகவே கண்டுபிடித்த வழி.

நான் செவிலியர். 19 ஆண்டுகள் மருத்துவமனை வேலை, அதில் பெரும்பகுதி முதியோர் வார்டில். யாராவது பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் என் கை தானாக நீண்டுவிடும். அம்மா போன பிறகு அப்பா என் வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுக்க நான்தான் போட்டுவிட்டேன். அவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பார். இரண்டாம் மாதத்தில் ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். "இது என் சட்டை, அம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. புரூப் தாளில் ஒரு பிழையைச் சுட்டுவது போல இருந்தது. அப்பா அச்சகத்தில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர்.

எங்கள் தொழிலின் அவலம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். காலை ஷிப்டில் எல்லோருக்கும் முகம் கழுவி, உடை மாற்றி, மருந்து கொடுத்து, மருத்துவர் வருவதற்குள் சார்ட் எழுதியாக வேண்டும். தானே பல் துலக்கக்கூடியவருக்கும் நாங்களே துலக்கிவிடுவோம். அவர் துலக்கினால் தண்ணீர் நெஞ்சில் வழியும், சட்டையை மறுபடி மாற்ற வேண்டும். பார்க்க வருகிற உறவினர்களோ, "சிஸ்டர்கள் தங்கமானவர்கள், ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை" என்று புகழ்வார்கள். நாங்களும் அதை வாங்கிக்கொள்வோம்.

மார்கரெட் பால்டெஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் முதியோர் இல்லங்களில் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். முதியவர் ஒரு காரியத்தைத் தானே செய்துகொண்டால் ஊழியர்கள் கண்டுகொள்வதில்லை. முடியாமல் தவித்தால் ஓடிவருகிறார்கள், பேசுகிறார்கள், தோளைத் தொடுகிறார்கள். பேச்சுத்துணைக்கு ஏங்கும் ஒருவர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? முடியாதவராக இருப்பதற்குத்தான் பலன் உண்டு என்பதை. அவர் நடிப்பதாக அர்த்தமில்லை. நாளடைவில் உண்மையாகவே முடியாமல் போய்விடுகிறது.

1976இல் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு செவிலியர் படிப்பில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை நீங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், இந்தச் செடிகளில் ஒன்றை எடுத்து நீங்களே பராமரியுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தில் செடியைக் கையில் கொடுத்து, ஊழியர்கள் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்பாகவும் விழிப்பாகவும் இருந்தார்கள். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்து எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் பிறகு வார்டுக்குப் போய் 19 ஆண்டுகள் எல்லாச் செடிகளுக்கும் நானே தண்ணீர் ஊற்றினேன்.

பொத்தானுக்கு வருகிறேன். சிட்னி கட்ஸ் என்ற மருத்துவர் 1963இல் வெளியிட்ட அளவுகோலில் அன்றாடச் செயல்கள் ஆறு: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, தானே உண்பது. மூப்பிலும் நோயிலும் இவை பெரும்பாலும் இந்த வரிசையிலேயே கைவிட்டுப் போகின்றன. குளியல் முதலில், உண்பது கடைசியில். அப்பா இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தார். பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் படியை நான் உருவப் பார்த்தேன்.

மணிக்கட்டை நகர்த்திய நாளுக்குப் பிறகு செய்த மாற்றங்கள் சின்னவை. உடுத்துவதை நின்றபடி அல்லாமல் கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து செய்வது. அப்போது விழுவோமோ என்ற பயம் கையை நடுங்க வைப்பதில்லை. விளக்கை அவர் தலைக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் மாற்றினேன். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது, உள்ளே போகும் ஒளி குறைகிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். கருநீலச் சட்டையில் கருநீலப் பொத்தான் என்பது அவருக்குப் பொத்தானே இல்லாத சட்டை. வெளிர் சட்டையில் அடர் நிறப் பொத்தான்களைத் தைத்தேன். மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் நான் போடுவேன், ஏனென்றால் ஒற்றைக் கையால் அதைப் போட எனக்கே வராது. மற்றவை அவருடையவை. புறப்பட வேண்டிய நாட்களில் அரைமணி முன்னதாக எழுப்புவேன்.

கடினமானது இவற்றில் எதுவுமே அல்ல. அந்தப் பதினோரு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பதுதான் கடினம். நிற்பதென்றால் பெருமூச்சு விடாமல், "இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்" என்று சொல்லாமல், போனைப் பார்க்காமல். பிறகு ஒரு வழி கண்டேன்: துவைத்த துணிகளை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பேன். என் கைக்கும் வேலை. அவரையும் யாரோ மேற்பார்வை செய்வது போல் இருக்காது.

"கிழவரும் குழந்தையும் ஒன்று" என்று சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சு அறவே பிடிக்காது. பெயர்களை மறக்கும் அப்பா, சொற்களை மறக்கவில்லை. வயதாகும்போது மூளையின் வேகம் குறைகிறது, இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது கடினமாகிறது, தெரிந்த பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. ஆனால் வாழ்நாளெல்லாம் சேர்த்த சொல்வளமும் தொழிலறிவும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நாள், கிழமை, மருந்து நேரம் எழுத ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். மறதி உள்ளவர்களுக்கு அது உதவும் என்பது பாடம். முதல் நாள் நான் "மருந்து சாப்பிட்டு விட்டு தூங்கவும்" என்று எழுதினேன். மாலையில் வந்து பார்த்தால், "விட்டு"க்கும் "தூங்கவும்"முக்கும் நடுவே ஒரு "த்" நடுங்கிய கோட்டில் செருகப்பட்டிருந்தது. பக்கவாட்டில், புரூப் தாளில் போடுவது போல ஒரு குறி. மருந்து மட்டும் டப்பாவிலேயே இருந்தது.

அன்றிலிருந்து பலகை அவர் பொறுப்பு. நான் எழுதுவேன், அவர் திருத்துவார். திருத்துவதற்காகப் படிப்பார், படிப்பதால் மருந்தும் நினைவுக்கு வரும்.

அதன் பிறகு நடந்தது முழுக்க என் பிழை.

சளி பிடித்த ஒரு வாரம். இரவெல்லாம் தும்மல், மூக்கொழுகல், தூக்கமில்லை. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து ஒவ்வாமை மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குளோர்பெனிரமின், மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. இரவு ஒன்று, காலை ஒன்று என்று இரண்டு நாள். தும்மல் நின்றது. மூன்றாம் நாள் காலை சட்டையை நீட்டினேன். அப்பா வாங்கவில்லை, கைகளைத் தொங்கவிட்டார். ஏழு பொத்தான்களையும் நானே போட்டேன். ஒரு பேச்சும் பேசவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று டூட்டிக்குச் சரியான நேரத்துக்குப் போனேன்.

மாலையில் தம்பி போனில் அழைத்தான். "அக்கா, அப்பா என்னிடம் பேசவே இல்லை. எதைக் கேட்டாலும் ம், ம் என்கிறார்." களைப்பாக இருக்கும் என்றேன். வயதாகிவிட்டது, போகப் போக இப்படித்தான் என்று அவன் சொன்னதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவசரத்தில் பலகையில் "தண்ணீர் குடித்து விட்டு படுக்கவும்" என்று எழுதினேன். அப்பா பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். கண் பலகையில்தான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்தேன். அதையும் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்து, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். "டிசம்பர்... நவம்பர்..." நெடிய இடைவெளி. "டிசம்பர்." பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்வி அல்ல இது, கவனத்தைச் சோதிப்பது. நான்கு நாட்களுக்கு முன்பு செய்தித்தாளில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்து என்னை அழைத்துக் காட்டியவர். மெதுவாக வரும் மறதிநோய் நான்கு நாட்களில் ஆளை இப்படி மாற்றாது. சட்டையை விலக்கி அடிவயிற்றைத் தொட்டேன். தொப்புளுக்குக் கீழே பறை போல இறுகியிருந்தது. எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்று கேட்டதற்கு, போனேனே என்றார். போயிருக்கிறார், சொட்டுச் சொட்டாக.

மருத்துவமனையில் கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாயைப் போட்டபோது ஒரு லிட்டருக்கு நெருக்கமாக வெளியேறியது. மலச்சிக்கலும் இருந்தது. திடீரென வரும் இந்த மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாட்களில் வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், கவனம் நிலைக்காது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, வலி, அறுவை சிகிச்சை, மருந்து என்று பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். தேடினால் பெரும்பாலும் அகப்படும். கத்துகிறவரையும் ஊசிக் குழாயைப் பிடுங்குகிறவரையும் எல்லோரும் கவனித்துவிடுவார்கள். அமைதியாகச் சுருண்டு படுக்கும் வகையும் உண்டு. அதைத்தான் வார்டுகளில் தவறவிடுகிறோம், ஏனென்றால் அந்த நோயாளி தொந்தரவு தருவதில்லை. என் அப்பா என்னோடு பொத்தானுக்குச் சண்டை போடாததுதான் நோய்க்குறி. அதை நான் நல்ல பிள்ளைத்தனமாக எடுத்துக்கொண்டேன்.

மாத்திரையின் வேலை இதுதான். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டும். சிறுநீர்ப்பை சுருங்குவதற்கும் குடல் அசைவதற்கும் அதே பொருள்தான் வேண்டும். பழைய தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. இளம் வயதினருக்குக் கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் வாய் வறட்சி. புராஸ்டேட் வீங்கிய, மூளையில் கையிருப்புக் குறைந்த முதியவருக்கு நான் மேலே சொன்னதெல்லாம். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991இல் தொகுத்தார். அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இந்த மாத்திரை அதில் இருக்கிறது. அந்தப் பட்டியல் எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் நான்.

ஆகவே கைக்கொள்ள வேண்டியது: வீட்டில் ஒரு முதியவர் திடீரென மாறிவிட்டால் "வயதாகிவிட்டது" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். வயது நான்கு நாட்களில் ஆவதில்லை. கடந்த இரண்டு வாரங்களில் புதிதாகச் சேர்ந்த மருந்து எது, நிறுத்திய மருந்து எது, சிறுநீர் போகிறதா, மலம் போகிறதா, எவ்வளவு தண்ணீர் குடித்தார், காய்ச்சல் உண்டா, எங்காவது வலிக்கிறதா, விழுந்தாரா? இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். தாகம் எடுக்கும் உணர்வே வயதோடு மங்கிவிடும் என்பதால், "தாகமாக இல்லை" என்ற பதிலை நம்ப வேண்டாம். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, இவர் போன வாரம் எப்படி இருந்தார் என்பது. அவர்கள் பார்ப்பது இன்றைய ஆளை மட்டும்தான்.

ஆறு நாள் மருத்துவமனையில். நோயாளியின் உறவினராக வார்டில் உட்கார்வது செவிலியருக்கு நல்ல தண்டனை. முதல் நாளே அப்பாவின் கண்ணாடியையும் காது கருவியையும் கழற்றி, தொலைந்துவிடும் என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்கள். மனம் குழம்பிய ஒருவரின் கண்ணையும் காதையும் இழுப்பறையில் பூட்டிவிட்டு, இது எந்த இடம் என்று அவரிடம் கேட்டார்கள். நான் திட்டவில்லை. எத்தனை பேருடையதை நானே பூட்டியிருக்கிறேன்.

ஓர் இளம் சிஸ்டர், அன்பானவர், மாத்திரையோடு வந்து, "தாத்தா செல்லம், சமர்த்தாக ஆ காட்டுங்கள் பார்க்கலாம்" என்றார், குழந்தையிடம் பேசும் குரலில். அப்பா உதடுகளை இறுக்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சிப் பார்த்தார். அப்பா முகத்தைத் திருப்பினார். சார்ட்டில் "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதப்பட்டது. மறதிநோய் உள்ளவர்களிடம் இப்படிக் கொஞ்சிப் பேசும்போது அவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது கூடுகிறது என்பதை வீடியோவில் பதிவுசெய்தே ஆராய்ந்திருக்கிறார்கள். நான் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன், காது கருவியைப் பொருத்தினேன், ஸ்டூலை இழுத்து அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தேன். "அப்பா, இது பி.பி. மாத்திரை. நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா?" உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். "வீட்டில் இருப்பது இளஞ்சிவப்பு. இது வெள்ளை" என்றார். வேறு கம்பெனி மாத்திரை, மருந்து ஒன்றுதான் என்று விளக்கியதும் விழுங்கினார். ஐந்தாம் நாள் அது. அந்தச் சந்தேகத்தைக் கேட்டதும் எனக்கு வந்த அழுகையை அந்தச் சிஸ்டர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு கால்கள் வரவில்லை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை கரைந்திருந்தது. நோயோடு ஆறு நாள் படுத்தவருக்குக் கேட்கவா வேண்டும்! எழுந்ததும் நிற்க விடாமல், கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார வைத்தேன், ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றாதிருக்க. பிறகு வாக்கர். முதல் நாள் வாசற்படி வரை, நான்காம் நாள் அடுத்த அறை. விழுந்துவிடுவார் என்று நாற்காலியோடு கட்டிப்போடச் சொல்லும் நல்லெண்ணக்காரர்கள் உண்டு. கட்டிப்போட்டால் தசை இன்னும் கரையும். அவிழ்க்கும் நாளில் கட்டாயம் விழுவார்.

குளிப்பாட்டுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சங்கடமாக இருந்தது. வார்டில் நூற்றுக்கணக்கான ஆண்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், கண் கூசியதில்லை. அப்பாவின் முன்னால் நிற்க முடியவில்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் ஓர் ஏற்பாடு தானாக அமைந்தது. ஸ்டூலில் உட்காருவார், மடிமேல் பெரிய துண்டு. அது நனையும், நனையட்டும். கடைசிவரை எடுக்க மாட்டேன். நான் பின்னால் நிற்பேன். தண்ணீரைப் பாதத்திலிருந்து தொடங்கி மேலே கொண்டுவருவேன். தலையும் முகமும் கடைசியில், அதுவும் ஈரத்துணியால். எதிர்பாராமல் முகத்தில் விழும் தண்ணீர் குழம்பியவரை மிரட்டிவிடும். தொடுவதற்கு முன் எங்கே தொடப்போகிறேன் என்று சொல்வேன். முதுகும் பாதமும் என்னுடையவை, மற்றதெல்லாம் சோப்புத் துணியோடு அவருடையவை. பின்னால் நிற்பதில் தொழில் லாபமும் உண்டு. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்த்துவிடலாம். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். அழுத்தினால் மறையாத சிவப்பைத் தேடு என்று படித்திருக்கிறோம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ இறுகியோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

டெலிரியம் ஒரே நாளில் விடைபெறுவதில்லை. பல வாரங்கள் மாலை நேரங்களில் குழப்பம் திரும்பிவந்தது. "உன் அம்மா எங்கே?" என்று கேட்டார். அம்மா இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். செய்தியை முதன்முறையாகக் கேட்பவராக உடைந்து அழுதார். மறுநாள் மாலை மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன், மறுபடி அழுதார். உண்மைதானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் வேறொன்று கேட்டேன்: "அம்மாவைத் தேடுகிறதா அப்பா?" ஆமாம் என்றார். "இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்?" என்றேன். "என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள், விளக்குப் போடாமல் படிக்கிறேன் என்று" என்றார். எழுந்து விளக்கைப் போட்டேன். அன்று அழவில்லை. அம்மா வெளியூர் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லச் சிலர் அறிவுரை தந்தார்கள். என் தொழிலிலேயே இதில் இரண்டு கட்சிகள் உண்டு. என்னால் முடியவில்லை, அவர் தெளிந்த வேளையில் அந்தப் பொய்யை நினைவுகூர்ந்தால், பிறகு மாத்திரையின் நிறத்தைப் பற்றி நான் சொல்வதை எப்படி நம்புவார்?

மூன்று மாதம் கழித்துத்தான் நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப்போனோம். டெலிரியம் தெளியாமல் மறதிநோயை அளந்தால் கணக்குத் தப்பும் என்று மருத்துவர் காத்திருக்கச் சொல்லியிருந்தார். கடிகாரம் வரையச் சொன்னார்கள். எண்களைச் சரியாக எழுதினார், முட்கள் இரண்டையும் ஒரே நீளத்தில் போட்டார். ஐந்து சொற்களில் இரண்டுதான் நினைவில் நின்றது. தொடக்க நிலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார்கள். கூடவே மனச்சோர்வும் இருக்கிறது என்றார்கள். அதையும் நான் பார்க்கத் தவறியிருந்தேன். மறதிநோயில் பலரும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள்; மனச்சோர்வில் பெரும்பாலும் முயலாமலேயே "தெரியாது" என்று விட்டுவிடுவார்கள். அப்பாவின் "தெரியாது"களை நான் ஞாபகக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பாட்டில் பாதியை வைப்பதும் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பதும் வயதின் கணக்கில் போயிருந்தன. சிகிச்சையில் அந்தப் பகுதி தேறியது.

தனிமைக்கு மருந்து கூட்டம் என்று நினைத்து ஒரு முதியோர் மன்றத்தில் சேர்த்துவிட்டேன். கைதட்டிப் பாடும் இடம். இரண்டாம் முறை வண்டியிலிருந்து இறங்க மறுத்தார். வயதானவர்கள் வட்டத்தைச் சுருக்கிக்கொள்வது பல நேரங்களில் இழப்பல்ல, தேர்வு. மீதமுள்ள காலம் சிறிது என்று தெரியும்போது மனதுக்கு நெருங்கியவர்களோடு மட்டும் அதைச் செலவிட விரும்புகிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் விளக்கியிருக்கிறார். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அறுபது பேர் அல்ல, ஒரே ஒருவர்: அச்சகத்தின் பழைய ஃபோர்மேன். அவரும் எழுபத்தொன்பது. அப்பா அவரோடு பேசாமல் இருந்ததற்குக் காரணம் பகையும் இல்லை, மறதியும் இல்லை. போனில் அவர் பேச்சு புரியவில்லை. வயதோடு வரும் செவிக் குறைவில் முதலில் போவது மேல் சுருதி ஒலிகள். உயிரொலிகள் கேட்கும், ச, த, ப, க போன்ற வல்லினங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. அதற்கு நாம் கத்துகிறோம். கத்தும்போது உயிரொலிகள்தான் பெரிதாகின்றன. காது கருவியைச் சரிபார்த்து, போனை வீடியோ அழைப்பாக மாற்றினோம், உதடு தெரியும்படி. வாரம் ஒருமுறை இரண்டு கிழவர்களும் 1970களின் அச்சுப்பிழைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இளமைக் கால நினைவுகள் முதுமையில் அடர்த்தியாகத் திரும்பிவரும் என்பது தெரிந்ததுதான். அதற்குக் கேட்கும் ஆளும் வேண்டும்.

இதையெல்லாம் பொறுமைசாலி போல எழுதிவிட்டேன். ஒருநாள் கத்தினேன். ஒரே கேள்வியை ஒன்பதாவது முறை கேட்டபோது, கையிலிருந்த டவலைத் தரையில் வீசி, "எத்தனை தடவை!" என்று கத்தினேன். அப்பா பயந்தார். என்னைக் கண்டு அவர் பயந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். அன்று இரவு தம்பியை அழைத்து, பணம் அனுப்புவதோடு நிற்காதே, மாதத்தில் இரண்டு வாரக்கடைசிகள் வந்து அப்பாவோடு இரு என்றேன். "எனக்குக் குளிப்பாட்டத் தெரியாதே, அக்கா" என்றான். "தெரிந்த நான் செய்த தவறுகளைப் பட்டியல் போட்டுத் தருகிறேன், வா" என்றேன். வந்தான். என்னைவிட நன்றாகவே செய்கிறான். அவனுக்கு எதிலும் வேகம் தெரியாது என்பதே காரணம். அந்த நாட்களில் நான் தூங்குகிறேன்.

நேற்று மருத்துவரிடம் பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். பத்து மணிக்கே அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி, கழுத்துக்கு வந்தபோது ஒரு துளை மிச்சமிருந்தது, பொத்தான் இல்லை. மூன்றாவதிலேயே மாறிப் போனதை நான் அப்போதே பார்த்திருந்தேன். அப்பா குனிந்து, சட்டையின் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக வருடிக்கொண்டே போனார், புரூப் தாளில் வரி வரியாக இறங்குவதைப் போல. மூன்றாவதில் நின்றது விரல்.

"இங்கே" என்றார்.

மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். மணி பத்து நாற்பது.